நீச்சல் தெரியுமா என்று கேட்ட படிவம்

ஜெட் ஸ்கீ சவாரிக்கு முன்பதிவு செய்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், பிற்பாடு வீட்டில் ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மகள் அடம்பிடித்தாள் என்றார்கள், கப்பல்காரன் தலையில் கட்டிவிட்டான் என்றார்கள். இல்லை. கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாகப் படித்து, அழுத்தியது நான்.

அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் நைனாவுக்கு, அறுபது முடிந்த வருடம் அது. எங்கள் ஊர் பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய மீனவக் கிராமம். நைனா ஏரிக்காரர். கடலுக்குப் போகிறவர் இல்லை. கடற்கரையில் போய் நின்றால் தெற்கே துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் காத்துக்கொண்டிருக்கும் கப்பல்கள் தெரியும். அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் அவருக்கு ஒரு ஆசை. "உள்ள இன்னா இருக்கும்னு ஒரு தடவ பாத்துட்டா போதும்" என்பார். சரக்குக் கப்பலுக்குள் யார் விடுவார்கள்? எனவே சென்னையிலிருந்து புறப்பட்டு, திருகோணமலையில் ஒரு பகல் நின்று, திரும்பி வரும் உல்லாசக் கப்பலில் நான்கு பேருக்கு இடம் பிடித்தேன். நைனா, அம்மா, நான், என் பத்து வயது மகள். என் கணவர் மீஞ்சூரிலிருந்து பொன்னேரிக்குப் பஸ்ஸில் போனாலே வாந்தி எடுக்கிற ஆள். கப்பல் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

நான் தைரியசாலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். லிப்ட்டில் தனியாக ஏற மாட்டேன். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று ரயில்வே ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்து பார்த்திருக்கிறேன். ஏரிக்கரையில் பிறந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. பெண் பிள்ளை படிக்கட்டும் என்று என்னைத் தண்ணீர்ப் பக்கமே விடாமல் வளர்த்துவிட்டார்கள். கப்பலே எனக்குப் பயம்தான். ஆனால், கப்பல் நிற்கும் ஊரில் என்னென்ன செய்யலாம் என்ற பட்டியலில் மகள் ஜெட் ஸ்கீ படத்தைப் பார்த்துவிட்டாள். தண்ணீரில் ஓடும் ஸ்கூட்டர். படத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

"தண்ணி பைக்கா?" என்றார் நைனா, படத்தைக் கண்ணருகே இழுத்து. "போடும்மா, போடு. ஓட்டிப் பாத்துடலாம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரில் அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு படிவத்தை நிரப்பினேன். உள்ளே சிக்னல் கிடைக்காது. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. முதலில் ஒவ்வொருவரின் எடையையும் கேட்டது. எங்கள் வீட்டில் யார் எடை பார்த்தார்கள்? நைனாவையும் அம்மாவையும் நண்டு வியாபாரியின் தராசில் ஏற்றினோம். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே ஏறினாள். "இன்னாக்கா, நீ எந்த ரக நண்டு?" என்று வியாபாரி கிண்டல் செய்ய, கரையே சிரித்தது.

அடுத்த கட்டத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. சவாரியில் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பல்ல, சம்மதமா என்று கேட்டிருந்தது. அந்த ஒரு வரியை நாலைந்து தடவை படித்தேன். வேண்டாம் என்று எழுந்துவிட்டிருக்கலாம். மகள் தோள்மேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் கோழையாக வேண்டாமே என்று சம்மதம் என்று அழுத்தினேன்.

கடைசிக் கேள்வி: நீச்சல் தெரியுமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்ல வேண்டும். தெரியாதவர்கள் வழிகாட்டி ஓட்டும் வண்டியில், அவருக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். தெரிந்தவர்களுக்குத் தனி வண்டி. எனக்குத் தெரியாது என்று போட்டேன். மகள் பள்ளியில் நீச்சல் வகுப்புக்குப் போகிறாள் என்றாலும் சிறு பிள்ளை என்பதால் அவளும் வழிகாட்டியோடுதான்.

"நைனா, உனக்கும் அம்மாவுக்கும் நீச்சல் தெரியுமான்னு கேக்குறான்."

நைனா வலையிலிருந்து நிமிரவே இல்லை. "யாரப் பாத்து இன்னா கேக்குறான்? ஏரிக்காரங்கன்னு போடு."

அம்மா பக்கத்தில் இறாலுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அவளைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. முப்பது வருடங்களுக்கு மேலாக இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து, அடிச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவள் அவள். பல்லில் கவ்விய ஓலைப்பறிக் கூடை நிறைகிற வரை கரையேற மாட்டாள். எங்கள் ஊரில் ஒருவரிடம் நீச்சல் தெரியுமா என்று கேட்பது, சோறு சாப்பிடத் தெரியுமா என்று கேட்பதற்குச் சமம். இருவருக்கும் தெரியும் என்று இரண்டு டிக் போட்டேன்.

அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. மகளைப் பற்றித்தான் பயந்தேன். அலுவலகத்துக்குப் போகும் ரயிலில், ஜெட் ஸ்கீயிலிருந்து குழந்தைகள் விழும் வீடியோவாகத் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு வீடியோவிலும் விழுந்தது வயதானவர்கள் இல்லை. அதனால் நைனா, அம்மாவைப் பற்றி ஒரு நிமிடம்கூடக் கவலைப்படவில்லை. அவர்களைத் தண்ணீர் என்ன செய்யும்?

திருகோணமலையில் கடல் அவ்வளவு அழகாக இருந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதன் நிறம்தான் நினைவிருக்கிறது. எங்கள் ஏரி சேற்று நிறம். அடி எங்கே என்று பார்க்க முடியாவிட்டாலும் கால் ஊன்றினால் கிடைத்துவிடும். படகு கவிழ்ந்தால்கூட, எழுந்து நின்று தலையைத் துவட்டிக்கொண்டு படகை நிமிர்த்துவார்கள். இங்கே தண்ணீர் கருநீலமாக இருந்தது.

வழிகாட்டி அந்த ஊர்த் தமிழ் இளைஞர். மரியாதையானவர். லைஃப் ஜாக்கெட் எப்படிப் போடுவது, வண்டியை எப்படி ஓட்டுவது என்று நிதானமாகச் சொன்னார். "ஐயா, ஒண்டை மட்டும் மறந்திடாதேங்கோ. விசையை விட்டால் வண்டி திரும்பாது. பயம் வந்தாலும் கொஞ்சம் விசையைக் குடுத்துத்தான் திருப்போணும்."

நைனா தலையாட்டினார். அவர் காது கேட்டதா, கை மட்டும் வண்டியைத் தடவிக்கொண்டிருந்ததா என்று எனக்குச் சந்தேகம். ஊரில் படகுக்கென்று கொடுத்த லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துப் படுக்கிறவர் அவர். அம்மா என்னுடைய பழைய சுடிதாரில் இருந்தாள். ஜாக்கெட் வயிற்றை இறுக்குகிறது என்று கீழே உள்ள இரண்டு கொக்கிகளை, வழிகாட்டி அந்தப் பக்கம் திரும்பியதும், கழற்றிவிட்டாள். நான் பார்த்தேன். மகளின் கொக்கிகளை மூன்றாவது முறையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் சொல்லாமல் விட்டேன்.

முன்னால் எங்கள் வண்டி. வழிகாட்டி ஓட்ட, நடுவில் மகள், கடைசியில் நான். பின்னால் நைனாவும் அம்மாவும். சற்றுத் தொலைவில் தெரிந்த ஒரு மணல் திட்டுக்குப் போய், இளைப்பாறிவிட்டுத் திரும்புவது திட்டம். வண்டி ஒவ்வொரு அலையிலும் எம்பி விழும்போது நான் தெரிந்த சாமி பேரையெல்லாம் சொன்னேன். மகள் கூச்சலிட்டுச் சிரித்தாள். திரும்பிப் பார்த்தபோது நைனா நெஞ்சை நிமிர்த்தி ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவர் முதுகில் முகத்தைப் பதித்திருந்தாள். எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது.

பாதி வழியில் ஒரு பெரிய விசைப்படகு எங்களைக் கடந்துபோனது. அது எழுப்பிய அலை முதலில் எங்களைத் தூக்கிப் போட்டது. அடுத்து நைனா. அலையைக் கண்டதும் அவர் தன் படகில் செய்வதைத்தான் செய்தார். வேகத்தைக் குறைத்துத் திருப்ப நினைத்து, விசையை விட்டுவிட்டார். வண்டி திரும்பவில்லை. பக்கவாட்டில் அலையை வாங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. நிமிர்ந்தபோது நைனாவுக்குப் பின்னால் யாரும் இல்லை.

"அம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் வழிகாட்டி வண்டியைத் திருப்பினார்.

அம்மா தண்ணீரில் இருந்தாள். நீந்தவில்லை. அவள் என்ன செய்கிறாள் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. நிற்கப் பார்த்தாள். உடம்பை நேராக்கி, காலைக் கீழே விட்டு, தரையைத் தேடினாள். தரை கிடைக்கவில்லை என்றதும் இன்னும் கீழே தேடினாள். கொக்கி மாட்டாத ஜாக்கெட் அவளை விட்டு மேலே ஏறி முகத்தை மூடிக்கொண்டது. இரண்டு கைகள் மட்டும் வெளியே தெரிந்தன.

நைனா அவளுக்கு நாலைந்து அடி தூரத்தில் இருந்தார். அவ்வளவுதான் தூரம். நின்றுவிட்ட வண்டியின் மேல், கைப்பிடியைப் பிடித்தபடி, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"நைனா, குதி! குதி நைனா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். குதிக்கவில்லை.

வழிகாட்டி வண்டியை அம்மாவிடம் கொண்டுபோய், ஒரே குனிவில் ஜாக்கெட்டின் பட்டையோடு அவள் தோளையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினார். நானும் சுடிதாரைப் பற்றி இழுத்தேன். மகள் பாட்டியின் முடியைப் பிடித்துக்கொண்டாள். அம்மா வண்டியின் மேல் குப்புறக் கிடந்து இருமி இருமித் தண்ணீரைக் கக்கினாள். அந்த இருமலைப் போல இனிய சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. அப்படியே மெதுவாக மணல் திட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். நைனா பின்னாலேயே ஓட்டி வந்தார்.

மணலில் கால் பட்டதும் என் பயமெல்லாம் கோபமாகத் திரும்பியது. நேரே நைனாவின் முன்னால் போய் நின்றேன்.

"ஏன் குதிக்கல? பக்கத்துலதான இருந்த? மரம் மாதிரி குந்திக்கினு பாத்துக்கினு இருக்க! செத்துப் போயிருந்தா?"

அதுவரை நான் நைனாவிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அது என் கோபத்தை இன்னும் ஏற்றிவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். பொண்டாட்டியை விட உனக்கு வண்டி பெரிசா என்றுகூடக் கேட்டேன்.

வழிகாட்டி என்னை மெல்ல விலக்கினார். அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது. "அக்கா, கொஞ்சம் பொறுங்கோ. இனி ஆர் எதிலை ஏறுறது எண்டு பார்க்கோணும். படிவத்திலை என்ன இருக்கெண்டதை விடுங்கோ. உண்மையைச் சொல்லுங்கோ. ஆருக்கு நீந்தத் தெரியாது? கையை உயர்த்துங்கோ."

நான் உயர்த்தினேன்.

மணலில் உட்கார்ந்திருந்த அம்மா, வழிகாட்டி போர்த்திவிட்ட துண்டுக்குள்ளிருந்து வலது கையை எடுத்து உயர்த்தினாள்.

"உனக்கா?" என்றேன்.

"எங்க கத்துக்கினேன்? நடக்கத்தான் தெரியும்" என்றாள் அம்மா. "ஒவ்வொரு அடியும் காலால தொட்டுப் பாத்துத்தான் வெப்பேன். பள்ளம் கிள்ளம் வந்தா போச்சே."

நான் போட்ட டிக் என் கண்முன் நின்றது. அவளைக் கேட்காமல் போட்ட டிக். இத்தனை வருடம் அவள் கொண்டுவந்த இறாலில் படித்து, அதில் வாங்கிய வேலையில் இருந்துகொண்டு, அவளுக்கு நீச்சல் தெரியுமா என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. மணலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அப்போதுதான் மகள் என் தோளைத் தொட்டாள். "அம்மா, தாத்தா" என்றாள்.

நைனா கையை உயர்த்தியிருந்தார்.

நாற்பது வருடம் படகில் நின்று கழி ஊன்றியவர். எங்கள் வீட்டுக் கல்யாணம், காது குத்து, என் படிப்பு எல்லாம் தண்ணீரிலிருந்து கொண்டுவந்தவர். யார் முகத்தையும் பார்க்காமல், கருநீலக் கடலுக்கு முதுகு காட்டி, கையை முழுதாக மேலே நீட்டி நின்றார். நான் சற்றுமுன் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் என் காதிலேயே ஒலித்தது. எனக்கு அந்த மணலுக்குள் புதைந்துபோகலாம் போல இருந்தது.

வழிகாட்டி, பெரிய படகை அனுப்பச் சொல்வதற்காகக் கைபேசியோடு அந்தப் பக்கம் நகர்ந்தார். நைனா கையை இறக்கவில்லை. அம்மா எழுந்து போய், அவர் கையைப் பிடித்து இழுத்து இறக்கினாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"கட்டிக்கினு வந்த வருசமே எனக்குத் தெரியும்" என்றாள் என்னைப் பார்த்து. "நீ பாட்டுக்குக் குதி குதின்னு கத்துற. தண்ணிக்குள்ள எனக்கு அதான் கேக்குது. நீ சொல்லி, உங்க நைனா குதிச்சிடுவாரோன்னு எனக்கு ஈரக்கொல நடுங்கிப் போச்சுடி."