ஏழு வாரக் கட்டு

எழிலரசிக்கு நாற்பத்தொரு வயது. ஆம்பூரில் பைபாஸ் சாலையை ஒட்டிய ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் பதினாறு வருடமாக பிசியோதெரபிஸ்டாக இருக்கிறாள். சொந்த ஊர் விரிஞ்சிபுரம். அப்பா பஞ்சாட்சரம் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் பதனிடும் இடத்தில் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடும் வேலை பார்த்தவர். வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவள்தான். அந்தப் பெருமையோ பயமோ, வேலையில் ஒரு நாள்கூட அவள் அசட்டையாக இருந்ததில்லை.

மருத்துவமனையின் பின்கட்டில் இரண்டு கட்டிலும், விறைத்த கைக்குச் சூடு கொடுக்க ஒரு மெழுகுத் தொட்டியும் ஒரு மேஜையும் கொண்ட அறைதான் அவளுடையது. வருகிறவர்களில் பாதிப் பேர் ஷூ கம்பெனி ஆட்கள். கழுத்து வலி, இடுப்பு வலி, அதற்கடுத்து கை. எலும்பு முறிந்து, கட்டுப் பிரித்த பிறகு விறைத்துப்போய் வரும் கைகளை மடக்கி நீட்டிப் பழக்குவாள். பல கைகள் பழைய நிலைக்கு வந்தன. சில வரவில்லை. வராத கைகளுக்கு அவளிடம் ஒரே ஒரு காரணம் இருந்தது. "வீட்ல பண்றதில்ல. வலிக்குதுன்னு விட்டுடறீங்க" என்பாள். அதை மனதார நம்பித்தான் சொன்னாள்.

சென்ற ஆண்டு, கை எலும்பு முறிவுகளை எப்படிக் கையாள்வது என்று தெரபிஸ்டுகளுக்கு வேலூரில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. அவளுக்குப் போக விருப்பமில்லை. மருத்துவமனையை நடத்தும் டாக்டர் ரஷீத் அஹமதுதான் வற்புறுத்தி அனுப்பினார்.

பயிற்சி கொடுத்தவள் பாரதி என்ற பெண். வயது முப்பத்திரண்டு இருக்கும். கைக்கு மட்டுமே வைத்தியம் பார்க்கும் தெரபிஸ்ட். இரண்டாம் நாள் காலையில் திரையில் ஓர் எக்ஸ்ரேயைக் காட்டி, "எலும்பு சேந்துடுச்சா?" என்று கேட்டாள். சேர்ந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். அடுத்து அதே கையின் போட்டோவைப் போட்டாள்.

"எலும்பு நல்லா சேந்துடுச்சு. ஆனா இந்தக் கையால ஒரு டம்ளரக்கூட புடிக்க முடியாது. ஏன்?"

பாரதி தன் கையை உயர்த்தி விளக்கினாள். விரலின் அடி மூட்டை இருபுறமும் பிடித்துக்கொண்டிருக்கும் நார்கள், விரல் நேராக இருக்கும்போது தளர்ந்திருக்கும். மடங்கும்போதுதான் முழு நீளத்துக்கு இழுபடும். நேராகவே வாரக்கணக்கில் கட்டி வைத்தால் அந்தத் தளர்ந்த நிலையிலேயே அவை சுருங்கிவிடும். பிறகு மடக்கப் பார்த்தால் இடம் கொடுக்காது. அதனால் அடி மூட்டை மடக்கி வைத்துத்தான் கட்ட வேண்டும். எலும்பு விலகாமல் இருந்தால், மூன்று நான்கு வாரத்தில் முறிந்த இடத்தில் வலி அடங்கியதும் விரல்களை அசைக்க ஆரம்பித்துவிடலாம்.

"எக்ஸ்ரேல முறிஞ்ச கோடு மறையட்டும்னு காத்திருக்காதீங்க. அது மறைய மாசக்கணக்காகும். அதுக்குள்ள கை போய்டும்."

எழிலரசி எழுதுவதை நிறுத்தினாள். அவள் கண்முன் ஷஹீன் பானுவின் வலது கை வந்து நின்றது.

ஷஹீன் பானு ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டியவள். தோல் ஏற்றிய தள்ளுவண்டிக்கும் சுவருக்கும் நடுவில் கை மாட்டி, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் கீழே உள்ளங்கை எலும்புகள் முறிந்திருந்தன. விலகவில்லை. டாக்டர் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, பலகை போல நேராக மாவுக்கட்டுப் போட்டார். நான்காவது வாரம் எழிலரசியிடம் வந்து, "மேடம், வலி இல்ல. கொஞ்சமா அசைச்சுப் பாக்கட்டா?" என்று ஷஹீன் கேட்டாள். எழிலரசி எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். "கோடு தெரியுது பாருங்க. அசைச்சா எலும்பு மறுபடி விட்டுரும்."

ஏழு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். இரண்டு விரலும் மடங்கவில்லை. ஐந்து மாதம் மெழுகு வைத்து, இழுத்து, அழுத்தி, எதுவும் பலிக்கவில்லை. ஊசிக்கடியில் தோலைத் திருப்பிப் பிடிக்க முடியாததால் கம்பெனியில் அவளை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். கடைசியாக வந்த அன்று, மற்ற நோயாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, "நீங்க பண்ணாம இருந்துட்டு இங்க வந்து ஒக்காந்தா நான் இன்னா செய்யறது?" என்று எழிலரசி சத்தம் போட்டாள். அதற்குப் பிறகு ஷஹீன் வரவேயில்லை.

பயிற்சி முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு எழிலரசி பாரதியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். "கட்டுப் பிரிச்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆவுது. இப்ப ஏதாச்சும் பண்ண முடியுமா?"

"முழுசா வராதுக்கா. கொஞ்சம் வரலாம். கையப் பாக்காம எதுவும் சொல்ல முடியாது. கூட்டிட்டு வாங்க" என்றாள் பாரதி. பிறகு குரலைத் தாழ்த்தி, "என் கையாலயும் ஒருத்தருக்கு இப்டி ஆயிருக்கு" என்றாள்.

திங்கட்கிழமை எழிலரசி டாக்டரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும், ஷஹீனிடம் போய்ச் சொல்லப்போவதையும் சொன்னாள். ரஷீத் அஹமதுக்கு அறுபத்திரண்டு வயது. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"கட்டு போட்டவன் நானு. நீங்க எதுக்கும்மா போய்ச் சொல்லணும்?"

"நாலாவது வாரம் அசைக்காதன்னு சொன்னது நான்தான் சார்."

"எங்களுக்கு அப்டித்தாம்மா சொல்லிக் குடுத்தாங்க" என்றார் அவர். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழைய கோப்பிலிருந்த விலாசத்தை வைத்து விசாரித்துக்கொண்டு போனாள். மசூதிக்குப் பின்னால் நான்காவது சந்து. ஷஹீன் பானு கதவைத் திறந்து, ஆளைக் கண்டதும் தலையில் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். எழிலரசி உட்காரவில்லை.

"ஒங்க கை மடங்காததுக்கு நீங்க காரணம் இல்ல ஷஹீன். கட்டுன விதம் தப்பு. நாலு வாரத்துல நீங்க கேட்டப்பவே நான் அசைக்கச் சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியல."

ஷஹீன் குனிந்து தன் வலது கையைப் பார்த்தாள்.

"அப்ப... நான் எக்ஸர்ஸைஸ் பண்ணாததால இல்லியா?"

"இல்ல."

"நான் பண்ணேன் மேடம். தெனம் பண்ணேன். வெந்நீர்ல வெச்சு, அழுதுகினே பண்ணேன். எங்க வீட்டுக்காரரு, நீதான் சோம்பேறித்தனம் பண்றன்னாரு. மேடமும் அதயே சொல்றாங்களே, நம்மமேலதான் தப்புன்னு நானும் நெனச்சுட்டேன்."

அவள் குரல் உயரவில்லை. அதுதான் எழிலரசியால் தாங்க முடியாமல் போனது. "என்ன மன்னிச்சுடுங்க" என்றாள். முழுசா வராவிட்டாலும் கொஞ்சம் வரலாம், வேலூரில் ஒரு தெரபிஸ்ட் கையைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள் என்றும் சொன்னாள். ஷஹீன் உள்ளே போனாள். திரும்பி வர நேரமாயிற்று. டீயைக் கொண்டுவந்து வைத்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன.

"வேலூர்ல இருக்கற அந்த மேடம் என்னிக்கு பாப்பாங்க?"

வேலூருக்கு இருவரும் ஒன்றாகவே போனார்கள். பாரதி பார்த்துவிட்டு, ரப்பர் பட்டையால் விரல்களை மெதுவாக இழுத்துப் பிடிக்கும் ஒரு கையுறையைச் செய்து கொடுத்தாள். இரண்டு மாதத்தில் ஓரளவு இளகியது. மேற்கொண்டு இளகாததால் சிறிய அறுவை சிகிச்சை செய்து சுருங்கிய நார்களை விடுவித்தார்கள். மறுநாளே விரல்களை அசைக்கத் தொடங்கினார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு தினமும் சாயங்காலம், ஷிப்ட் முடிந்து வரும் ஷஹீனுக்காக எழிலரசி காத்திருந்தாள். ஆரம்ப நாட்களில் வேலைக்கு வேண்டிய பேச்சு மட்டும்தான். வலிக்கும்போது ஷஹீன் சொல்வாள், எழிலரசி நிறுத்துவாள்.

இருபது டிகிரி மடங்கிக்கொண்டிருந்த மூட்டு ஐந்து மாதத்தில் ஐம்பத்தைந்துக்கு வந்தது. தொண்ணூறு வர வேண்டும். வரவில்லை. கம்பெனியில் ஒரு நாள் மெஷினில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். தைத்தாள். ஆனால் மற்றவர்கள் பத்து ஜோடி முடிக்கும் நேரத்தில் அவளுக்கு ஆறுதான் முடிந்தது. பேக்கிங்கிலிருந்து, தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங்குக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான்.

மருத்துவமனையில் இப்போது கையில் முறிவோடு யாராவது வந்தால், மாவுக்கட்டுத் துணியை நனைப்பதற்கு முன்பே டாக்டர் ஆள் அனுப்புகிறார். "நீங்க வந்து புடிங்கம்மா" என்கிறார். அவள் மூட்டை மடக்கிப் பிடித்துக்கொள்ள, அவர் கட்டுகிறார். ஏன் என்று அவர் ஒருமுறையும் விளக்கியதில்லை, அவளும் கேட்டதில்லை. வாலாஜாபேட்டைக்காரர் ஒருவர் நான்காவது வாரம் வந்து கையை மூடித் திறந்து காட்டியபோது, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

இந்த வருடம் ராணிப்பேட்டை, வாணியம்பாடியிலிருந்து ஐந்து தெரபிஸ்டுகளைத் தன் அறைக்கு வரவழைத்து, தான் கற்றதைச் சொல்லிக்கொடுக்க எழிலரசி முடிவு செய்தாள். ஷஹீனின் கையை போட்டோ எடுத்துக் காட்டலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"போட்டோ எதுக்கு மேடம்? லீவு நாளா பாத்து வைங்க. நானே வர்றேன்."

வந்தாள். மேஜையின் மேல் வலது கையை வைத்தாள். "இது என்கிட்ட கெட்டுப்போன கை" என்று எழிலரசி ஆரம்பித்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லி முடித்ததும், ஒரு பெண் ஷஹீனிடம், "இப்ப எதெல்லாம் செய்ய முடியலக்கா?" என்று கேட்டாள்.

ஷஹீன் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "பொண்ணுக்கு சட பின்ன முடியல. ரொட்டிக்கு மாவு பெசஞ்சா பாதியில கை விட்டுப்போவுது. பக்கெட்டு இப்ப தூக்கறேன். பஸ்ல கம்பி புடிக்கறதுன்னா இடது கைதான்."

கேட்ட பெண் அத்தனையையும் எழுதிக்கொண்டாள். பிறகு ஐந்து பேரும் ஒவ்வொருவராக அந்தக் கையைத் தொட்டு, மூட்டை மெதுவாக மடக்கி அளந்து பார்த்தார்கள். ஷஹீன் பொறுமையாகக் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியாக வந்தவர் கொஞ்சம் அழுத்தியபோது, "மெதுவா" என்றாள்.