நான் மஞ்சள் கயிறு கட்டிய ஆப்பிரிக்கா மரம்

என் கணுக்காலில் படை வந்து மூன்று மாதமாக அரித்தது. களிம்புக்குக் கேட்கவில்லை. எங்கள் கிளியனூருக்குத் துணி கொண்டுவரும் கோட்டக்குப்பத்து பாய் துபாயில் ஆப்பிரிக்காக்காரர் ஒருவரோடு ஒரே அறையில் இருந்தவர். அவர்தான் சொன்னார்:

"திண்டிவனத்துல ஒரு பழைய ஆபீஸ் வாசல்ல சொரக்கா மாதிரி தொங்குது பாருங்கம்மா, அது ஆப்பிரிக்கா மரம். அங்க படைக்கு அந்தக் காயைத்தான் அரைச்சித் தேய்ப்பாங்களாம். பச்சையா வாயில மட்டும் வச்சிடாதீங்க. விஷம்."

அந்த மரம் எனக்குத் தெரியும். கோடையிலும் இலை கொட்டாமல் நிற்கும். காய் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அதற்கு ஊரில் ஒரு பெயர் உண்டு, பெண்கள் சொல்வதில்லை.

எங்கள் பக்கத்தில் மருந்துக்குப் பறிப்பதானால் முதலில் மரத்துக்கு மஞ்சள் கயிறு கட்டி உத்தரவு கேட்க வேண்டும். மறுவாரம்தான் கை வைக்கலாம். ஆப்பிரிக்கா மரத்துக்கும் அது பொருந்துமா என்று யாரிடம் போய்க் கேட்பது? யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கட்டினேன், குங்குமம் வைத்தேன், வந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனால் மரத்தைச் சுற்றி ஏகப்பட்ட கயிறு. விளக்கு, எலுமிச்சம்பழம், சிவப்புப் பாவாடை. தானாக எழுந்த அம்மனாம். செருப்பைக் கழற்றிவிட்டு நானும் வரிசையில் நின்றேன்.

எனக்கு முன்னால் ஒரு மாமியாரும் மருமகளும். கீழே விழுந்த காயை மாமியார் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"முழுங்குடி. கல்யாணமாயி அஞ்சு வருசம் ஆவுது. இதுலயாவது ஒன்னு தங்கட்டும்."

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பேசினால் கை கால் உதறும். ஆனால் அந்தப் பெண் துண்டை வாயருகே கொண்டுபோய்விட்டாள்.

"தின்னாதே!" என்றேன். சத்தம் அதிகமாகிவிட்டது. உடம்பெல்லாம் நடுங்கியது.

"அம்மா எறங்கிட்டா!" என்று யாரோ கத்தினார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். என் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள். இன்னும் நடுங்கினேன்.

"தாயே, தின்னலன்னா கொழந்தை எப்புடி?" என்று மாமியார் கும்பிட்டாள்.

முதல் கயிறு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். அதற்கு நிறையப் பேச வேண்டியிருக்கும்.

"டாக்டர்கிட்ட போ."

"போனோமே தாயே. இவளுக்கு ஒன்னுமில்லன்னு சொல்லிட்டாங்களே."

"உன் பையனையும் இட்டுக்கினு போ."

மருமகள் துண்டைக் கீழே போட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். மாமியார் என்னைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"டேய், நாளைக்கு லீவு போடு. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போவணும். எதுக்குன்னுலாம் கேக்காத. சாமியே உன்னையும் காட்டச் சொல்லுது."