நகலில் விடுபட்ட கடைசி வரி

போன சனிக்கிழமை டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பிக்கொட்டை அரைக்கக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, "வக்கீல் சார், விஷயம் தெரியுமா? சண்முகசுந்தரம் சார் வியாழக்கிழமை போயிட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாராம்" என்றார். பிறகு, "எம் பொண்ணு சர்டிபிகேட் அத்தனையிலயும் அவரு கையெழுத்துதான்" என்றார். காப்பிப்பொடியை வாங்க மறந்து பஸ் ஏறிவிட்டேன்.

கரோல் பாகில் அந்த நாளில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு சாரைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது மார்க் ஷீட்டை டைப் அடித்து, ‘உண்மை நகல்’ என்று ஒரு கெஜட்டட் ஆபீசரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினால்தான் எந்த விண்ணப்பமும் நகரும். அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசராக இருந்த சார், ஞாயிற்றுக்கிழமை காலையில் இதற்கென்றே மேசை போட்டு உட்கார்ந்துவிடுவார். அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடிக்கோலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வருவார். மார்க் குறைந்தவன் எவனாவது தலையைக் குனிந்தால், "ஏம்லே நெளியுத? மார்க்கு போடுதது என் வேலை இல்ல. ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு பாக்கதுதான் என் வேலை" என்பார். தேதியில் ஒரு எண் மங்கலாக விழுந்திருந்ததற்காகச் சொந்த அண்ணன் மகனையே திருப்பி அனுப்பியவர் அவர்.

எழுபத்தெட்டில் நான் சட்டப் படிப்பை முடித்தேன். அதில் மார்க் மோசமில்லை. பள்ளிக்கூடம்தான் காலை வாரியது. ஹையர் செகண்டரியில் ஆங்கிலத்தில் கோட்டைவிட்டு, ‘கம்பார்ட்மென்ட்’ எழுதித் தேறியவன் நான். தவறிய ஒரு பாடத்தை மட்டும் திரும்ப எழுதுவதற்கு டெல்லியில் அதுதான் பெயர். அது மார்க் ஷீட்டின் கடைசி வரியில் தெளிவாக அச்சாகியிருந்தது. கன்னாட் பிளேஸில் இருந்த ஒரு பெரிய வழக்கறிஞர் நிறுவனம் இரண்டு பேருக்குப் பயிற்சி இடம் என்று விளம்பரம் செய்தது. பள்ளியிலிருந்து எல்லாத் தேர்விலும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. அப்பா மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் எனக்கு ஓர் இடம் அமையாவிட்டால் எல்லோருமாக ஊருக்குத் திரும்பிவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. டெல்லியில் பிறந்து வளர்ந்த நான் தமிழையே அதற்கெல்லாம் அப்புறம்தான் எழுதப் படித்தேன். ஊருக்குப் போய் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நகலை நானே அடித்தேன். டைப்ரைட்டிங் தெரியாத தமிழ்ப் பையனை அன்றைய கரோல் பாகில் தேடினாலும் பார்க்க முடியாது. குட்டைத் தாளில் அடித்ததால், கடைசி வரி வருவதற்குள் இடம் தீர்ந்துபோனது. கையை எடுத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். வேறு தாள் மாட்டவில்லை. ஐந்து நகலையும் அப்படியே அடித்து முடித்தேன்.

அந்த ஞாயிறு சார் வீட்டில் மெட்ராஸ் ரயிலில் வந்த விருந்தாளிகள் அப்போதுதான் இறங்கியிருந்தார்கள். வாசலெல்லாம் பெட்டி, படுக்கை. ஆட்டோக்காரர் "ஜல்தி, பாயி சாப்" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சார் முந்திக்கொண்டார். "அச்சா, கொண்டா. ஒன்னோடதையும் நான் வாசிச்சுப் பாக்கணுமாக்கும்!" என்று சிரித்தார். அடிக்கோலை எடுக்கவில்லை. அசலைப் பிரிக்கவே இல்லை. ஐந்து கையெழுத்து, ஐந்து முத்திரை. நான் நன்றி சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அங்கே ஒரு வயதான பஞ்சாபி கிளார்க் அசலை வாங்கி, நகலோடு வைத்து, சாரைப் போலவே அடிக்கோலை இறக்கிக்கொண்டு வந்தார். கடைசி வரியில் கோல் நின்றது. இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நிறுவனத்தின் மூத்த வழக்கறிஞர் என்னைக் கூப்பிட்டு, இது எப்படி விட்டுப்போனது என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "கையெழுத்துப் போட்டவர் சரிபார்த்திருக்க வேண்டும்" என்றேன் நான். இத்தனை வருஷம் கழித்து அதை எழுதும்போதும் உடம்பு கூசுகிறது.

இடம் போனது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவர்கள் அமைச்சகத்துக்கு எழுதிவிட்டார்கள், சாருக்கு மெமோ வந்தது. அவர் கொடுத்த விளக்கம் இரண்டே வாக்கியம் என்று அப்பா வந்து சொன்னார்: ‘பார்க்காமல் கையெழுத்திட்டேன். தவறு என்னுடையது.’ என்னைக் குறை சொல்லி அதில் ஒரு வார்த்தை இல்லை. அந்த வருஷப் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. இதுதான் காரணமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் தைரியம் எனக்கு இன்றுவரை வந்ததில்லை.

பதினைந்து நாள் அவர் தெருப்பக்கமே போகாமல் சுற்றி நடந்தேன். கடைசியில் அவரே அப்பாவிடம் சொல்லியனுப்பினார். போய் நின்றேன்.

"தாள் பத்தலையாலே?" என்றார்.

"ஆமா சார்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து நீளத் தாள்களை எடுத்துக் கொடுத்தார். "இதுல அடிச்சிட்டு வா. கம்பார்ட்மென்ட்டும் நீ எழுதிப் பாஸான பரிச்சைதான? அதுக்கு எதுக்குலே வெக்கப்படுத?"

அடித்துக்கொண்டு போனேன். இந்த முறை கடைசி வரிவரை அடிக்கோல் வைத்து வாசித்தார். ஆங்கிலம், கம்பார்ட்மென்ட் என்று வாய்விட்டே படித்தார். கையெழுத்துப் போட்டு முத்திரையை அழுத்திவிட்டு, "இனிமே ஒன் காயிதத்தையும் வாசிச்சுத்தாம்லே போடணும். எனக்கு அதுதான் வெசனம்" என்றார். மெமோவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று படியிறங்கும்போது நினைத்தேன்.

அந்த நகலைக் காட்டித்தான் தீஸ் ஹஸாரி கோர்ட்டில் ஒரு தனி வக்கீலிடம் பயிற்சிக்குச் சேர்ந்தேன். அவர் கடைசி வரியைப் படித்துவிட்டு, "உனக்கு இங்கிலீஷா? எனக்குக் கணக்கு" என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தார். அப்பா ஊருக்குப் போகும் பேச்சை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு கல்யாணங்களிலும் கோயிலிலும் சாரை எத்தனையோ தடவை பார்த்தேன். "கேஸெல்லாம் எப்படிலே போவுது?" என்று கேட்பாரே தவிர, பழையதை எடுத்ததில்லை. நானும் எடுக்கவில்லை. அவர் எடுக்காதது பெருந்தன்மை. நான் எடுக்காததற்கு அந்தப் பெயர் கிடையாது.

அவர் கையெழுத்துப் போட்ட அந்த நீளத் தாளில் ஒன்று என்னிடம் இருக்கிறது. கட்சிக்காரர் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாலும் நான் முதலில் கடைசி வரியைத்தான் பார்க்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவை இரண்டும்தான். அவரை அறிந்த உங்கள் வீடுகளிலும் அந்தக் கையெழுத்து இருக்கும், அதனால் அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். தாள் பத்தவில்லை என்று நான் சொன்னது பொய். நகல் அடித்த அன்று ஒரு கட்டு நீளத் தாள் என் டைப்ரைட்டருக்குப் பக்கத்திலேயே இருந்தது.