தண்ணி கிளியர்

எங்கள் பம்ப் செக்‌ஷனில் ‘கிளியர்’ என்றால் ஒரே அர்த்தம்தான்: திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தின் அடித்தட்டில் மண் தோண்டும் மெஷின் நிற்கும் இடம் தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிட்டது. சொல்லிச் சொல்லி, அதற்கு வேறு அர்த்தம் இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

2015ஆம் வருஷம். மே மாத வெயிலில் பம்ப் மோட்டார்கள் சூடேறி டிரிப் ஆகி நின்றுகொண்டே இருந்தன. ஒரு மழை வராதா என்று புலம்பினோம். நவம்பரில் கொட்டித் தீர்த்தது பாருங்கள், சுரங்கம் ஏரியாகிவிட்டது. இறைத்த தண்ணீரை ஓடையில் விட்டோம்.

அந்த ஓடைக்கரையில், கம்மாபுரம் பக்கம், ஏழுமலையின் வீடு. எங்கள் கான்ட்ராக்ட் ஆள். போன் செய்தான்.

“சார், வூட்டாண்ட தண்ணி ஏறிக்கினே இருக்குது. மாடு ரெண்டையும் ரோட்டுமேல கட்டிக்கினு நிக்கிறோம். எப்ப சார் கிளியர் ஆவும்?”

மறுநாள் காலை மழை விட்டது. அடித்தட்டு தெரிந்தது. எனக்கோ ஆள் பற்றாக்குறை.

“ஏழுமல, தண்ணி கிளியர்யா. டூட்டிக்கு வந்துடு.”

அவன் வீட்டிலும் கொஞ்சம் வடிந்திருந்ததாம். இனி வராது என்று நம்பி, மாடுகளைக் கொட்டகையில் கட்டிவிட்டு, பெண்டாட்டியை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தான்.

“இன்னும் ரெண்டு பம்ப போடு” என்றேன்.

பம்ப் ஸ்டார்ட்டருக்குப் போன அவன் கை அப்படியே நின்றது. “கிளியர்னீங்களே சார்?”

“அடித்தட்டு கிளியர்யா. மிச்சத் தண்ணிய வெளிய தள்ள வேணாமா?”

“ஐயோ, மாட்ட கட்டிட்டு வந்துட்டேனே சார்!”

ஓடினான். அவன் போனதும் அந்த ஸ்டார்ட்டரை நான்தான் அழுத்தினேன். மறுபடி மழை வந்து மெஷின் முழுகினால் யார் பதில் சொல்வது என்ற பயம். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். அவன் போய்ச் சேர்வதற்குள் இரண்டு மாடும் கட்டிய கயிற்றோடு செத்து மிதந்தன.

வெள்ளம் வடிந்தபின் மீட்டிங் போட்டார்கள். “பருவநிலை மாறிடுச்சு. இனிமே மழை இப்படித்தான் பெய்யும். பெரிய பம்பு வருது, ரெண்டே ஷிப்ட்ல கிளியர் பண்ணிடலாம்” என்றார் அதிகாரி. கைதட்டினோம்.

பக்கத்தில் நின்ற ஏழுமலை தட்டவில்லை. என்னிடம் மெதுவாகக் கேட்டான்:

“அப்ப ரெண்டே ஷிப்ட்ல எங்க வூட்டுக்கு வந்துடும்ங்களா சார்?”

ரிட்டயர் ஆகும்வரை, பம்ப் போடும் முன் ஓடைக்கரைக்கு ஒரு போன் செய்தேன். நான் கற்றது அவ்வளவுதான். பம்ப் போடாமல் இருந்ததில்லை.