ஆறரை மணித் தொடரில் நான் இறந்த வாரம்

இருபத்திரண்டு வருடங்களில் பதினோரு தொலைக்காட்சித் தொடர்களில் நடித்திருக்கிறேன். முதல் வேடம் நர்ஸ். இரண்டே வரி: "டாக்டர் வர்றாரு. எல்லாரும் வெளிய இருங்க." அதற்குப் பிறகு கல்லூரி முதல்வர், பக்கத்து வீட்டுக்காரி, மூன்று கதாநாயகிகளுக்கு அம்மா. ஒருபோதும் கதாநாயகி இல்லை. படப்பிடிப்பு நடந்த ஒவ்வொரு நாளுக்கும் டைரியில் ஒரு பக்கம் உண்டு. எந்தப் புடவை, எத்தனை வளையல், தலையில் பூ இருந்ததா, எந்த வசனத்தோடு நிறுத்தினோம். ஒரே காட்சியில் சமையலறையிலிருந்து திங்கட்கிழமை புறப்பட்டவள் கூடத்துக்கு வந்து சேர்வது வியாழக்கிழமையாக இருக்கும்; நடுவில் புடவை மாறிவிடக் கூடாது. உதவி இயக்குநர்கள் தங்கள் குறிப்பை விட்டுவிட்டு என் டைரியைக் கேட்பார்கள். என்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

பதினோராவது தொடர்தான் நீண்டது. ஆறு வருடம், வாரத்தில் ஆறு நாள், மாலை ஆறரை மணி. பண்ணை வீட்டு மாமியார் வேடம். வலங்கைமானுக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் அம்மா அதைத் தவறாமல் பார்ப்பாள். அம்மா ஆயுசெல்லாம் நடவு ஆள். நாற்றுமுடியைக் கையில் பிடித்துப் பின்னாலேயே நகர்ந்து என்னையும் அண்ணனையும் படிக்க வைத்தவள். முதல் வாரம் பார்த்துவிட்டு போனில் சொன்னாள்: "வரப்புல வந்து நின்னு நம்மள அதட்டுவாளே அந்தப் பண்ணையம்மா, அவ நடக்குற மாதிரியே நடக்குறியேடி. எங்க கத்துக்கிட்ட?"

"நீ நட்டுக்கிட்டிருந்தப்ப நான் வரப்புலதானேம்மா உக்காந்திருந்தேன்."

"வேலைக்காரி மேல டம்ளர விட்டெறியற. அடுத்த தடவ அவ திருப்பி எறியற மாதிரி எழுதச் சொல்லு."

இரண்டு வருடத்துக்கு முன் அம்மா வாய்க்கால் கரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதிலிருந்து கட்டில்தான். ஆறு இருபத்தைந்துக்கு அண்ணி முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார்த்துவாள். நான் சென்னையிலிருந்து மாதம் ஒரு முறைதான் போக முடியும். மற்ற நாட்களில் அம்மா என்னைப் பார்ப்பது அந்த அரை மணி நேரம்தான்.

அப்படியிருக்க, ஒரு மதிய உணவு இடைவேளையில் இணை இயக்குநர் என் பக்கத்தில் தட்டோடு வந்து உட்கார்ந்தார். "அக்கா, உங்களுக்கு மாலை வந்துருச்சு" என்றார். எங்கள் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பாத்திரம் சாகப் போகிறது. படத்தைச் சட்டம் போட்டு, மாலை மாட்டி, கூடத்துச் சுவரில் தொங்கவிடப் போகிறார்கள்.

"அமெரிக்காவுக்கு அனுப்பிடுங்களேன். மக பிரசவம்னு சொல்லலாம்" என்றேன்.

"போன தொடர்ல ஒருத்தங்கள அப்படி அனுப்பினோம்க்கா. எப்ப வருவாங்கன்னு பாக்குறவங்க நாலு மாசம் கேட்டாங்க. அந்தப் பிரசவம் முடியவே இல்ல."

சிரித்துவிட்டேன். பிறகுதான் அம்மா நினைவு வந்தது. மகளின் படத்துக்கு மாலை போட்டிருப்பதைக் கட்டிலில் கிடக்கிற அம்மா எப்படிப் பார்ப்பாள்? பார்த்துவிட்டால், மறுநாள் ஆறரைக்கு அவளுக்கு என்ன இருக்கிறது?

மறுத்தால் அந்த வாரத்துக்கு வேறொருத்தியை உட்கார்த்தி, 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போட்டுக் கொன்றுவிடுவார்கள். ஆறு வருடம் வாழ்ந்த வேடத்தின் சாவை இன்னொருத்திக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒப்புக்கொண்டேன்.

சாவுக் காட்சியை ஒரு செவ்வாய்க்கிழமை எடுத்தார்கள். மெரூன் பட்டுப் புடவை, கைக்கு ஆறு வளையல், மல்லிகை. பாடையில் படுத்து மூச்சை அடக்கிய நேரம் மொத்தம் நாற்பது நிமிடம் இருக்கும். முடிந்ததும் யாரும் என்னை எழுந்திருக்க விடவில்லை. கேமராமேன், "அக்கா, கேமராவப் பாத்து சிரிங்க" என்றார். பிணமாக நடித்தவர் சிரிப்பதை எடுத்த பிறகுதான் எழ வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்தச் சிரிப்பு எந்தத் தொடரிலும் வராது. பிறகு பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். லைட்மேனிலிருந்து டீ கொடுப்பவர் வரை ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு வருடம் எனக்கு வெயில் படாமல் குடை பிடித்தவர்கள். டைரியில் அன்றைய பக்கத்தில் அவர்கள் எல்லாருடைய பெயரையும் எழுதினேன், இருபத்தாறு பேர்.

அம்மாவிடம் போனில் சொல்லவில்லை. கதையை வெளியே சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். உண்மையில், எனக்கு வாய் வரவில்லை. ஒளிபரப்பு நாளைக் கணக்கிட்டேன். பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை. அன்று காலை ரயிலுக்குப் பதிவு செய்தேன். மதியம் போய்ச் சேர்ந்து, பக்கத்தில் உட்கார்ந்து, முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று திட்டம்.

கணக்கில் ஒன்றை விட்டுவிட்டேன். ஒரு தொடரில் யாராவது செத்தால் மூன்று நாள் முன்பிருந்தே சேனல் அதைத் துண்டு துண்டாகக் காட்டிக்கொண்டிருக்கும். நடிக்கிறவர்கள் வீட்டில் தொடர் பார்க்க நேரம் ஏது? இருபத்திரண்டு வருடத் தொழிலில் முன்னோட்டம் என்ற ஒன்று இருப்பதே என் டைரியில் கிடையாது.

வியாழக்கிழமை காலை அண்ணி போன் செய்தாள். "நேத்து விளம்பரத்துல ஒன் படத்துக்கு மாலை போட்டிருந்தாங்க. அத்த ராத்திரியிலேருந்து சாப்பிடல. ஒரு வார்த்த பேசல. வர முடியுமா பாரு."

அடுத்த பேருந்தில் ஏறினேன். கும்பகோணத்தில் மாறி ஊர் போய்ச் சேர மாலை நான்கு. வழியெல்லாம் அம்மாவிடம் சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொண்டே போனேன்: வெறும் படம்தான், பிளாஸ்டிக் மாலைதான், பூசணிக்காய் உடைத்தாயிற்று, சிரித்தாயிற்று.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கட்டிலில் உட்கார்ந்தேன்.

"அம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன். பாரு."

"நீ நல்லாருக்கேன்னு எனக்குத் தெரியாதா? முந்தாநேத்துதானே போன்ல பேசின." திரும்பாமலே கேட்டாள்: "என்னடி தப்பு செஞ்ச?"

"தப்பா?"

"எதுத்துப் பேசினியா? ஒடம்பு முடியலன்னு நின்னுட்டியா? ஏன் வேலைய விட்டு எடுத்தாங்க?"

"யாரும் என்ன வேணாம்னு சொல்லலம்மா."

"நடவுக்கு ஆள் கூட்டிட்டுப் போற கொத்து ஆளு சொல்லவா செய்வான், ஒன்ன வேணாம்னு?" அம்மா இப்போது என்னைப் பார்த்தாள். "மறுநா விடியக்கால எல்லாரையும் கூப்பிட்டுப் போவான். நம்ம வாசல்ல நிக்க மாட்டான். அவ்ளோதான். சேதி அதுதான். ஒன்னயும் அப்படிப் பண்ணிட்டாங்களேன்னு கெடக்கேன். நீ உசுரோட இருக்கேன்னு வந்து சொல்லுற."

கதையே அப்படித்தான் எழுதப்பட்டது, சாகும் வாரத்தில்தான் எனக்கு நல்ல காட்சிகள், அதை வேறு ஆளிடம் கொடுக்காமல் என்னிடமே கொடுத்தார்கள் என்று மெதுவாகச் சொன்னேன். அம்மா நம்பியதாகத் தெரியவில்லை. "பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். அண்ணி கொண்டுவந்த ரசம் சாதத்தில் பாதியைச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை ஆறு மணிக்கே தெருப் பெண்கள் ஏழு பேர் வந்துவிட்டார்கள். எல்லாரும் அம்மாவோடு நடவுக்குப் போனவர்கள். தொடர் தொடங்கியது. பட்டுப் புடவையில் நான் கிடந்தேன், மருமகள்கள் அழுதார்கள்.

"என்னடி அழுவுறாளுவ, கொசு கடிச்ச மாதிரி" என்றாள் எதிர்வீட்டு அத்தை. "ஒருத்தி வாயிலயும் ஒரு ஒப்பாரிப் பாட்டு வரல."

"மையி கரைஞ்சிரும்னு பயம்" என்றாள் இன்னொருத்தி.

அம்மாவின் கண் திரையில்தான் இருந்தது. என் கண் இமை அசைகிறதா என்று குனிந்து பார்த்தாள். அசையவில்லை. பிறகு நான் சாவதற்கு முன்பு வேலைக்காரியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கும் காட்சி பழைய நினைவாக வந்தது. மூன்று நிமிடம், வேறு யார் முகமும் இல்லை. அதை அம்மா முழுதாகப் பார்த்தாள். கடைசியில் மாலையோடு படம் வந்தது. ஏழு பேரும் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தார்கள். நானும்.

"அரைகொறையில வேலைய விட்டு எடுக்கல" என்றாள் அம்மா. "கட வரப்பு வரைக்கும் நட்டுட்டுத்தான் ஏறியிருக்கா."

சொல்லிவிட்டு, தலையணையிலிருந்து நிமிர்ந்து, கையை வாயருகே குவித்து, நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். ஒரு வயல் நட்டு முடிந்து கரையேறும்போது பெண்கள் போடும் குலவை.

"பெரியம்மா, சாவு வீட்டப் பாத்தா கொலவ போடுவாங்க?" என்று ஏழு பேரில் இளையவளான அண்டை வீட்டுப் பெண் பதறினாள்.

"சாவுக்கு எவடி போட்டா? எம்மவ நடவு முடிச்சிருக்கா. போடுங்கடி."

முதலில் எதிர்வீட்டு அத்தை போட்டாள். பிறகு ஏழு பேரும் போட்டார்கள்.