தம்பிக்கு வந்த அம்மை

மகளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவளுக்கு ஆறு வயது. கொழும்பில் மாதக்கணக்காக மருந்து ஏற்றிய பிறகு, இரத்தத்தில் இப்போது நோய் தெரியவில்லை, ஆனால் மருந்தை இன்னும் நீண்ட காலம் தொடர வேண்டும் என்றார்கள். இடையில் வீட்டுக்குக் கூட்டிப்போக விட்டார்கள். புறப்படும்போது தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"காய்ச்சல், அம்மை உள்ள யாரையும் கிட்ட விடாதீங்க. மத்த பிள்ளைங்களுக்குச் சும்மா வந்துட்டுப் போற வைரஸ், இந்தப் பிள்ளைக்குத் தாங்காது."

தெமோதரைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எங்களுக்கு ஒரே ஒரு அறை. அதில் நாங்கள் இருவர், மகள், மூன்று வயது மகன். கணவர் நடுவில் ஒரு சேலையைக் குறுக்கே கட்டினார். பக்கத்து வீட்டார் வாசலில் நின்றே விசாரித்துவிட்டுப் போனார்கள்.

தம்பியைத்தான் தடுக்க முடியவில்லை. அக்கா இல்லாத மாதங்களில் அவளுடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டு தூங்கியவன். முடி கொட்டிப்போன தலையைத் தடவிப் பார்த்து, "அக்கா, நீ பாப்பாவா?" என்று கேட்டான். நோய் வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. சேலையைத் தூக்கி அவனை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவனுக்குக் காய்ச்சல் இல்லை, சளியும் இல்லை.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ, அவனைக் குளிப்பாட்டும்போது முதுகில் நீர்க்கொப்புளங்களைப் பார்த்தேன். நாங்கள் கொழுந்து எடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் வேறு சிலருக்கும் அம்மை போட்டிருந்ததாம். அவனை ஹாலிஎலவில் என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் சிங்களத்தில் சொன்னதை அங்கிருந்த மிஸ் தமிழில் சொன்னார். "கொப்புளம் தெரியிறதுக்கு முந்தியே பரவிரும்மா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

தடுப்பு மருந்தை ஏற்றி, அவளைத் தனி அறையில் வைத்தார்கள். மருந்து ஏற்றினாலும் சிலருக்கு வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நான் தினமும் அவள் சட்டையைத் தூக்கி உடம்பு முழுவதையும் பார்த்தேன். நாட்கள் போயின. தோல் சுத்தமாக இருந்தது. தப்பிவிட்டாள் என்றே நினைத்தேன்.

பிறகு ஒரு காலையில், "வயிறு வலிக்குதும்மா" என்று சுருண்டு படுத்தாள்.

"வயிறு வலிக்குதாம் மிஸ், ஆனா கொப்புளம் ஒண்ணும் இல்ல," என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் அதைச் சிங்களத்தில் சொல்ல, டாக்டர் முகம் மாறிப்போயிற்று. அம்மை தோலுக்கு வருமுன்னே ஈரலுக்குப் போயிருந்தது. கொப்புளங்கள் வெளியே தெரிந்தபோது நெஞ்சிலும் இறங்கிவிட்டது. ஆக்சிஜன் குழாயோடு மூச்சுக்குத் திணறினாள்.

"தம்பிக்குச் சொகமாயிருச்சாம்மா?"

"ஆயிருச்சு. பெரியம்மா வீட்டுல வெளையாடுறான்."

"அப்ப எனக்கும் ஆயிரும்."

"ஆமா சாமி."

அதற்குப் பிறகு தூங்க வைத்து மூச்சு மெஷினில் போட்டார்கள். அவள் கண் திறக்கவில்லை.

தம்பியை அடக்கத்துக்குக் கூட்டி வரவில்லை. பிறகு வீட்டுக்கு வந்தவன் எல்லா இடத்திலும் தேடினான். "அக்கா கொழும்புக்கா போயிருக்கு?" என்று அவனே கேட்டான். நான் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். இதற்கு முன் கொழும்புக்குப் போனவள் திரும்பி வந்தாள். அதனால் இன்றும் வாசலில் உட்கார்ந்து காத்திருக்கிறான்.

"சொல்லிரலாம்," என்றார் கணவர்.

"எதச் சொல்றது?"

செத்துப்போனதை எப்படியாவது சொல்லிவிடலாம். ஏன் என்று கேட்டால்? அவனிடமிருந்துதான் ஒட்டியது என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அவன் தப்பில்லை என்றும் எல்லாரும் சொல்கிறார்கள், குரலைத் தாழ்த்தி. இன்னும் இரண்டு வருடத்தில் பள்ளிக்கூடம் போகப் போகிறான். சுற்றியுள்ள லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் படிக்கிறார்கள். யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும்.