சவுண்ட் பிறேம் தேடிய நேசறி

வகுப்பறை நடுவில் நின்று பிறேம் ஒருமுறை கை தட்டுவான். ஒரேயொரு தட்டு, படாரென்று. பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, அந்தச் சத்தம் எந்தச் சுவரில் முட்டி எப்படித் திரும்பி வருகிறது என்று கேட்டுக்கொண்டு நிற்பான். நேசறியின் பாலர் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ரீச்சர்மார் திடுக்கிடுவார்கள்.

"என்ன தம்பி, நுளம்பு கடிக்குதோ?" என்று சங்கானையில் ஒரு ரீச்சர் கேட்டார்.

"இல்லை ரீச்சர். அறை எப்பிடிக் கதைக்குது எண்டு பாத்தனான்."

அந்த அறை கதைத்தது அவனுக்குப் பிடிக்கவில்லை. பளிங்குத் தரை, கண்ணாடி யன்னல், சுவரெல்லாம் மினுங்கும் வண்ணம். தட்டிய சத்தம் தேய்ந்து போக மனமில்லாமல் மூலைக்கு மூலை ஓடித் திரிந்தது. ரீச்சர் தங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில் பாட்டுச் சொல்லுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். பிறேம் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டான்.

வட்டுக்கோட்டைப் பக்கத்தில் அவனைச் 'சவுண்ட் பிறேம்' என்றால்தான் தெரியும். கோயில் திருவிழா, தேவாலய ஆராதனை, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, கலியாணவீடு, செத்தவீடு, எதுவென்றாலும் ஒலிபெருக்கி அவனுடையது. பெட்டிகளை லான்ட்மாஸ்ரர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தில் ஏற்றி, சாக்குப் போட்டு மூடி, குழந்தையைக் கொண்டுபோவது போலக் குண்டு குழி பார்த்து ஓட்டிப் போவான். சேட்டுப் பையில் பேனை இருக்காது. இன்சுலேசன் ரேப்பும் ஒரு சின்னத் திருப்புளியும் இருக்கும். ஊருக்கெல்லாம் சத்தம் கொடுக்கிறவன், தான் கதைத்தால் பக்கத்தில் நிற்பவர் குனிந்துதான் கேட்க வேண்டும். தொலைபேசியில் எடுப்பவர்கள் "ஹலோ, ஹலோ" என்று கத்துவார்கள். "நான் கதைச்சுக்கொண்டுதான் இருக்கிறன் அண்ணை" என்பான் இவன், அதே குரலில்.

அவனுக்கு ஒரே மகள், அபிகாயில். வீட்டில் அபி. நடக்கப் பழகி, ஓடவும் பழகிய பிறகும் பேச்சு வரவில்லை. ஆறுதலாய் வரும் என்றார்கள் எல்லாரும். பிறேமும் சின்ன வயதில் பேசப் பிந்தினவன்தான் என்று அவனுடைய தாய் நேசம்மாவே சாட்சி சொன்னார். தேவாலயத்து அறுவடைத் திருநாளில்தான் விஷயம் வெளித்தது. பூசணிக்காய் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஏலம் கூறியவர் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் போய்விட்டார். கீயென்று ஒரு கூச்சல் கிளம்பியது. முழுச் சனமும் காதைப் பொத்தியது. கைக்குழந்தைகள் வீரிட்டன. பிறேம் பாய்ந்துபோய்ச் சத்தத்தைக் குறைக்கும் ஆளியைத் திருகிவிட்டு நிமிர்ந்தபோது, பெட்டிக்கு முதுகு காட்டிக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்த அபி, ஒரு வாழைப்பூ மடலுக்குள் மண் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. தோள்கூட அசையவில்லை.

அன்றைக்கு மிச்ச ஏலம் முடியும்வரை பிறேம் தன் வேலையைச் செய்தான். வீட்டுக்குப் போய்த்தான் மனைவி ஜெசிதாவிடம் சொன்னான்.

ஆஸ்பத்திரிக்கு அலைந்து, பரிசோதனைகள் முடிந்து, இரண்டு காதுக்கும் மெசின் வந்தது. கிளினிக்கில் இருந்த பெண் பொறுமையாக விளங்கப்படுத்தினார். மெசினைப் போட்டால் பிள்ளை கதைக்கப் பழகுவாள். ஆனால் விடாமல் போட வேண்டும், விடாமல் கதைக்க வேண்டும். மெசின் நல்ல சத்தம் கெட்ட சத்தம் பார்க்காது, எல்லாவற்றையும் பெருப்பிக்கும். எதிரொலி கூடிய அறைக்குள் பிள்ளைக்குச் சொல் எது, சத்தம் எது என்று பிரியாது. பிறேமுக்கு இதில் முதற் பாதி காதில் விழுந்தது. பிற்பாதி நெஞ்சில் விழுந்தது. எதிரொலி அவனுக்குத் தெரிந்த சாமான். அதை அடக்க அவனால் முடியும். அதனால்தான் நேசறி நேசறியாகக் கை தட்டிக்கொண்டு திரிந்தான்.

அபியும் மெல்ல மெல்லச் சொற்கள் சேர்த்தாள். "அப்பா", "தண்ணி", பூனைக்கு "மியா". காகத்தைக் கண்டால் "போ!" என்று கலைப்பாள். ஜெசிதா மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்து கேற்றைத் திறக்கும் சத்தத்துக்கு அபி ஓடிவந்த நாளில், ஜெசிதா கேற்றடியிலேயே இருந்து அழுதாள்.

கடைசியில் அவன் மனதுக்குப் பிடித்த ஒரு நேசறி கிடைத்தது. சுற்றிவர வேம்பு. உள்ளே பலகைச் சீலிங், தடித்த திரைச்சீலை, தரை நிறையப் பாய். கை தட்டினான், சத்தம் பஞ்சுக்குள் போட்ட ஊசி மாதிரி அமிழ்ந்துபோனது. பிள்ளைகள் கை கட்டி வரிசையாக இருந்தார்கள். இவ்வளவு சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேப்பிலை விழுவதுகூடக் கேட்டது.

"எங்கடை நேசறியிலை குழப்படி எண்ட கதைக்கே இடமில்லை" என்றார் நடத்துகிற அம்மா.

பிறேம் வீட்டுக்கு வந்து ஜெசிதாவிடம், "சேர்ச்சுக்குள்ளை நிக்கிற மாதிரி இருக்கு" என்றான்.

தை மாதம் அபி அங்கே போகத் தொடங்கினாள். முதலிரண்டு நாள் அழுதாள், பிறகு அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கை கட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருந்தாள். பின் வாங்கு வரிசையில் இருந்த பெண்கள், "பிள்ளை நல்லாத் திருந்தீட்டாள்" என்று மெச்சினார்கள். காது மெசினுக்குப் போடும் பொத்தான் மாதிரிப் பற்றறியும் முன்னைப்போல் கெதியில் முடிந்துபோகவில்லை. "இந்த முறை நல்ல பற்றறி வந்திருக்குப் போலை" என்று ஜெசிதா சொன்னாள். பிறேமுக்கு அதிலும் ஒரு சந்தோஷம்.

ஆனால் பூனை வந்தால் அபி இப்போது "மியா" என்பதில்லை. விரலால் காட்டுவாள். ஜெசிதா பாட்டுப் படித்தால், தன் விரலை உதட்டில் வைத்து "உஷ்" என்பதுபோல் கண்ணை உருட்டுவாள். "நேசறியிலை பழக்கினது" என்று இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்த பிறகு பிறேமுக்கு என்னவோ போல் இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

ஒருநாள் அளவெட்டியில் பிடித்திருந்த கலியாணவீட்டு வேலை தள்ளிப்போனது. வந்த வழியில் மகளையும் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று நேசறிக்குப் போனான். பிள்ளைகள் பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அபி பின்வரிசையில் இருந்தாள். பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்த்துப் பார்த்துத் தன் வாயையும் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். வாயிலிருந்து சத்தம் வரவில்லை. பிறேம் யன்னலடிக்குப் போனான். இரட்டைப் பின்னலுக்கு நடுவே இரண்டு காதும் வெறுங்காதாக இருந்தன.

மெசின்கள் சாப்பாட்டுப் பைக்குள் லேஞ்சித் துணியில் முடிந்தபடி கிடந்தன. பற்றறி வீணாகாதபடி அதன் மூடியும் வடிவாகத் திறந்து வைக்கப்பட்டிருந்தது.

"விலை கூடின சாமான் தம்பி" என்றார் அந்த அம்மா. அவர் குரலில் கள்ளமில்லை. "மற்றதுகள் பிடிச்சு இழுக்குதுகள். துலைஞ்சா ஆர் பதில் சொல்லுறது? காலமை வந்த உடனை கழட்டிப் பத்திரமா வைச்சிடுவன், போகேக்கை போட்டு விடுவன். கழட்டினாலும் பிள்ளை நல்ல அமைதி. எனக்கு ஒரு கரைச்சலும் தாறேல்லை."

பிறேம் சண்டை பிடிக்கவில்லை. அவனுக்கு அது வராது. முழந்தாளில் இருந்து, ஒவ்வொரு மெசினாகப் போட்டுவிட்டான். அபி கண்ணைச் சிமிட்டினாள். வேம்பில் இருந்து ஒரு காகம் கரைந்தது. தலையைத் திருப்பி மேலே பார்த்தாள். அவ்வளவுதான், அவளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அன்று பின்னேரம் கிணற்றடியில் ஜெசிதா உடுப்புத் தோய்க்க, அவன் தண்ணீர் அள்ளிக் கொடுத்துக்கொண்டே சொன்னான்.

"நான்தானே தெரிஞ்செடுத்தது. சத்தமில்லை எண்டுதானே தெரிஞ்செடுத்தது."

ஜெசிதா சட்டையைக் கும்மினாள். "நீங்கள் அறையைப் பாத்தியள்" என்றாள். "ரீச்சரைப் பாக்கேல்லை. நானும்தான் பாக்கேல்லை."

அடுத்த நேசறியை ஜெசிதாதான் கண்டுபிடித்தாள். மருந்துக்கடைக்கு வந்துபோகிற ஒரு தாய் சொன்னது. அராலிப் பக்கம், வயற்கரையில், சனசமூக நிலையத்தோடு ஒட்டின ஒரு கொட்டகை. தகரக் கூரை. அரைச்சுவர். மதிலுக்கு அந்தப் பக்கம் அரைக்கிற மில். பிறேம் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே, "உது சரிவராது ஜெசி" என்றான்.

உள்ளே ஒரே இரைச்சல். ஒரு பிள்ளை மேசைக்குக் கீழே. இன்னொன்று சட்டியை அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் நிவேதனா என்ற இளம் ரீச்சர், கட்டின தொண்டையோடு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள். பிறேம் பழக்கதோஷத்தில் கையைத் தட்டினான். தகரம் அதை வாங்கிப் பீப்பாவுக்குள் கல்லுப் போட்டது போல உருட்டியது. அது ஓயவில்லை, அதற்குள் அத்தனை பிள்ளைகளும் ஏதோ விளையாட்டு என்று நினைத்துப் படார் படாரென்று திருப்பித் தட்டினார்கள். ரீச்சரும் தட்டினாள். ஜெசிதாவின் இடுப்பில் இருந்த அபி எல்லாரையும் பார்த்தாள். பிறகு தானும் தட்டினாள்.

நிவேதனா வந்து அபியின் முகத்துக்கு நேரே குந்தினாள். "பேர் என்ன?" அபி விரலை உதட்டில் வைத்தாள். ரீச்சர் அவளை வற்புறுத்தவில்லை. காதைப் பார்த்தாள், பிறேமைப் பார்த்தாள்.

"அண்ணை, உந்த மெசினை எப்பிடிப் போடுறது எண்டு எனக்குக் காட்டுங்கோ. ஓடி விளையாடேக்கை கழண்டு விழுந்தா நான்தானே போட வேணும்."

பிறேம் கழற்றிக் காட்டினான். போட்டுக் காட்டினான். அவள் தானும் செய்து பார்த்தாள். முதல்முறை கீயென்று கத்தியது, இரண்டாம் முறை சரியாகப் பொருந்தியது. பிள்ளைகள் சுற்றிவர மொய்த்தார்கள். ஆரபி என்ற பொடிச்சி தனக்கும் ஒன்று வேண்டும் என்று காலை உதைத்து அழுதாள்.

"இஞ்சை சத்தம் கூட, ரீச்சர்" என்றான் பிறேம். "இவளுக்குப் பாதி விளங்காது."

"ஓம், கூடத்தான். நான் கிட்டப்போய் முகத்தைப் பாத்துக் கதைப்பன். அதைத்தான் என்னாலை செய்யலாம்."

"மழை வந்தா?"

"மழை வந்தா ஒருத்தருக்கும் ஒண்டும் கேக்காது அண்ணை. பாடத்தை விட்டிட்டு மழையைப் பாப்பம்."

ஜெசிதா சிரித்துவிட்டாள். பிறேம் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். அந்தச் சனிக்கிழமை ஒரு லான்ட்மாஸ்ரர் நிறையத் தென்னோலைக் கிடுகோடு வந்து, தகரத்துக்குக் கீழே வரிசையாகக் கட்டினான். அரைச்சுவரில் பழைய மேடைத் திரைகளைத் தொங்கவிட்டான். இரைச்சல் கொஞ்சம் இறங்கியது. முழுக்க இறங்கவில்லை. அவன் அதோடு விட்டுவிட்டான்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது: பிள்ளை வேறெங்கோ பராக்காக இருக்கும் நேரத்தில் பெற்றோர் ஒளித்து ஓடக் கூடாது. முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். முதல் நாட்களில் பிறேம் குனிந்து, "அப்பா போட்டு வாறன்" என்று சொன்னதும் அபி அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். சொல்லாமல் போயிருந்தால் லேசு என்று அவனுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனாலும் சொன்னான். பங்குனி பிறந்தபோது அவள் கதறுவதை விட்டுவிட்டு அவனுக்கு முதுகு காட்டப் பழகியிருந்தாள். ஒருநாள் பூனையொன்று கொட்டகைக்குள் வந்ததாம். "மியா வந்தது" என்று வீட்டில் வந்து சொன்னாள். இரண்டு சொல் சேர்ந்து வந்தது அதுதான் முதல்முறை.

இப்போது காலையில் மகளை விட்டதும் பிறேம் மோட்டார் சைக்கிளை ஸ்ரார்ட் செய்வதில்லை. வேலியோரமாக மெல்லத் தள்ளிக்கொண்டு போகிறான். உள்ளே நிவேதனா ரீச்சர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும் நேரம் அது. ரீச்சர் பிந்தினால் இவன் குந்தியிருந்து சங்கிலியைப் பார்ப்பான், ரயரை அமத்துவான்.

அந்த வழியால் வெங்காயத் தோட்டத்துக்குச் சைக்கிளில் போகிற இராசசிங்கம் இதைக் கவனித்திருக்கிறார். "என்ன தம்பி, பெற்றோல் முடிஞ்சுதோ?" என்று கேட்டார். "ஓம் அண்ணை" என்றான் பிறேம். அடுத்த நாளும் கேட்டார், அடுத்த நாளும் அவன் "ஓம் அண்ணை" என்றான். மூன்றாம் நாள் அவர் ஒரு சோடாப் போத்தலில் பெற்றோல் கொண்டுவந்து, சைக்கிளை விட்டு இறங்கி நீட்டினார்.

பிறேம் உள்ளங்கையைக் காட்டி, கொஞ்சம் பொறுங்கோ என்றான். இராசசிங்கம் ஒன்றும் விளங்காமல் போத்தலை நீட்டியபடியே நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெயர், ஒரு "வந்திட்டன்". இன்னொரு பெயர், இன்னொரு பதில்.

"அபிகாயில்!"

மில் இரைந்துகொண்டிருந்தது.

"வந்தித்தன்!"

பிறேம் திரும்பி, பெற்றோல் தாங்கி நிறைந்திருந்த மோட்டார் சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, அந்தப் போத்தலை இரண்டு கையாலும் வாங்கினான்.